கண்ணில் பூ விழுவது ஏன்? கிருமி மடிந்த பின்னும் மறையாத வெண்மை

நெல் அறுவடையின்போது தாளின் நுனி கண்ணில் கீறிவிடுகின்றது. மணிலா பிடுங்கும் காலத்தில் வேரோடு வரும் மண் கண்ணில் தெறிக்கின்றது. கரும்புத் தோட்டத்தில் சோகையின் விளிம்பு உரசுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்தைப் போன்று வேளாண்மையை நம்பி வாழும் வட்டாரங்களில் இவை அன்றாட நிகழ்ச்சிகள். இத்தகைய கீறல்களில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் தாமே ஆறிவிடும்; சில ஆறுவதில்லை. கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் கூசி, கருவிழியின் மீது வெண்ணிறப் புள்ளி ஒன்று தோன்றிப் பரவத் தொடங்கும். மருத்துவமனையில் சொட்டு மருந்து இடுவார்கள். சில வாரங்களில் புண் ஆறும். கிருமி ஒழிந்துவிட்டது என்று மருத்துவரும் உறுதி கூறுவார். ஆயினும் பார்வை முன்போலத் திரும்புவதில்லை. கருவிழியின் நடுவே பால் துளி போன்ற ஒரு வெண்மை நிலைத்துவிடுகின்றது.

இதனைத்தான் நம் முன்னோர் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்றனர். அரபுக் கண் மருத்துவ நூல்கள் இதனை 'பயாள்' என்று குறித்தன. வெண்மை என்பது அதன் பொருள். இரு மொழியினரும் கண்டது ஒன்றே. புண்ணை ஆற்றிய பின்னும் எஞ்சி நிற்கின்ற தழும்பு அது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. நோயை உண்டாக்கிய கிருமி மடிந்துவிட்டதென்றால், பார்வை ஏன் திரும்பவில்லை? கடந்த சில பத்தாண்டுகளாக நடைபெற்ற ஆய்வுகள் இதற்குத் தரும் விடை வியப்புக்குரியது. கருவிழியில் நேர்ந்த அழிவில் ஒரு பங்கே கிருமியின் வேலை. கணிசமான மற்றொரு பங்கு, அக்கிருமியை விரட்ட வந்த நம் உடலின் சொந்தக் காவற்படையின் வேலை. இதனை விளங்கிக்கொள்வது அறிவு வேட்கைக்காக மட்டுமன்று; மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஒரு சிறு குப்பிச் சொட்டு மருந்து பார்வையைக் காக்குமா பறிக்குமா என்பதும் இதனைச் சார்ந்தே உள்ளது.

கொம்பின் பெயர் பெற்ற கண்ணாடி

பேச்சு வழக்கில் நாம் கருவிழி என்று சொல்வது, உண்மையில் நிறமற்ற ஒரு படலத்தையே. அதன் பின்னால் உள்ள நிறப்படலமும் கண்மணியும் அதனூடே தெரிவதால் அது கருமையாகத் தோன்றுகின்றது. அரபு மொழியில் இதன் பெயர் 'கர்னிய்யா'. கர்ன் என்றால் கொம்பு. மெல்லியதாகச் சீவிய கொம்பினைப் போன்று ஒளி புகவிடுவதால் இப்பெயர் வந்தது. ஐரோப்பியர் வழங்கும் 'கார்னியா' என்னும் இலத்தீன் வழிச் சொல்லுக்கும் பொருள் அதுவே. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலை இயற்றினார். பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் நூலில் ஏறத்தாழ 130 கண் நோய்களை வகைப்படுத்தினார். அம்மரபின் மருத்துவர்கள் கருவிழிப் புண்களை மேலோட்டமானவை, ஆழமானவை என்று பிரித்துப் பேசினர். இப்பிரிவு இன்றும் பயன்படுவது; மேலோட்டமான கீறல் சுவடின்றி ஆறும், ஆழ்ந்த புண் தழும்பை விட்டுச் செல்லும்.

ஏன் அவ்வாறு? கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் மேற்புறத்தில் சில செல் வரிசைகள் கொண்ட மெல்லிய தோல் உள்ளது. இது கிழிந்தால் ஓரிரு நாளில் மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதன் கீழ் உள்ள நடு அடுக்குதான் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு. அது கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அவ்விழைகள் ஒரே பருமனுடன், சம இடைவெளியில், தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. இந்த ஒழுங்கினால்தான் ஒளி சிதறாமல் உட்புகுகின்றது என்பதை 1957-இல் டேவிட் மாரிஸ் என்னும் அறிஞர் விளக்கினார். நம் தோலிலும் தசைநாணிலும் இருப்பது இதே கொலாஜன்தான்; அங்கே அது வெண்மையாக, ஒளி புகாததாக உள்ளது. பொருளைவிட அதன் அடுக்குமுறையே இங்கு முக்கியம். அடுக்கு குலைந்தால் கண்ணாடி சுவராகிவிடும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் அவையே பார்வையை மறைக்கும். கண்ணீரிலிருந்தும், காற்றிலிருந்தும், உட்புறத்தில் உள்ள நீரிலிருந்தும் அது தன் உணவையும் உயிர்க்காற்றையும் பெறுகின்றது. ஆனால் உடலின் காவலர்களான வெள்ளணுக்கள் பயணம் செய்யும் பாதை இரத்தக் குழாய்தான். பாதையில்லாத இடத்தில் காவல் எப்படி நடக்கும்?

வாயிற்காவல்

முதற்காவல் இமை. நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் அது கருவிழியைத் துடைத்துக் கழுவுகின்றது. அடுத்தது கண்ணீர். பெனிசிலினைக் கண்டறிந்து புகழ்பெற்ற அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922-இல், உடலின் சுரப்புகளில் உள்ள லைசோசைம் என்னும் நொதியைப் பற்றி வெளியிட்டார். அது கண்ணீரில் மிகுந்து காணப்பட்டது. பாக்டீரியாக்களின் புறச்சுவரைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கிருமிகளுக்குத் தேவையான இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், கிருமிகள் கண்ணின் மேற்பரப்பில் ஒட்டாமல் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் ஆகியனவும் கண்ணீரில் உள்ளன.

மூன்றாவது காவல், முன்னர்க் கூறிய மேற்றோல். செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த அந்த அரண் முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான பாக்டீரியாக்களால் உள்ளே நுழைய முடியாது. ஒரு கீறல் விழுந்தாலோ, நெடுநேரம் அணிந்த காண்டாக்ட் லென்ஸ் அத்தோலை நலிவடையச் செய்தாலோ வாயில் திறந்துவிடுகின்றது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாக்டீரியாவால் வந்த புண்ணும் பூஞ்சையால் வந்த புண்ணும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. பாக்டீரியாக்களுள் முதலிடம் பெற்றது நிமோகாக்கஸ். நுரையீரல் காய்ச்சலுக்குக் காரணமான அதே கிருமி. அடுத்த இடம் சூடோமோனாஸ் என்னும் கிருமிக்கு. நீரும் ஈரமும் உள்ள இடங்களிலெல்லாம் வாழும் இது, கருவிழிக்குள் புகுந்தால் மிகக் கடுமையாகத் தாக்கும்.

படை புறப்படும் விதம்

கிருமி உள்ளே நுழைந்ததும் அதனை முதலில் அறிவது கருவிழியின் மேற்றோல் செல்களும், அங்கே நிலையாகத் தங்கியுள்ள சில காவற்செல்களும் ஆகும். இச்செல்களில் 'டோல் ஏற்பிகள்' எனப்படும் உணர்விகள் உள்ளன. ஒவ்வோர் ஏற்பியும் கிருமியின் ஓர் அடையாளத்தைக் கண்டுகொள்ளும். சூடோமோனாஸின் புறச்சுவரில் உள்ள நச்சுக் கொழுப்பை ஒன்று அறியும். அது நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதத்தை மற்றொன்று அறியும். இத்துறையில் அடிப்படைக் கண்டுபிடிப்புகளைச் செய்த ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றோருள் அடங்குவர்.

ஏற்பி தூண்டப்பட்டதும் செல்கள் இன்டர்லூக்கின் போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. இச்செய்தி, கருவிழியின் ஓரத்தில் வெண்விழியோடு சேரும் வளையத்தில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை எட்டுகின்றது. அக்குழாய்கள் விரிகின்றன, கண் சிவப்பதற்குக் காரணம் இதுதான். குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வெளியேறி, கொலாஜன் தாள்களுக்கு இடையே ஊர்ந்து, புண்ணை நோக்கி விரைகின்றன. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவை வந்து சேர்கின்றன. கருவிழியில் நாம் காணும் வெண்ணிறப் புள்ளியில் கிருமிகளைவிட மிகுதியாக இருப்பவை இவ்வெள்ளணுக்களே. சில வேளைகளில் கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் அடியில் தேங்கிய பால்போலச் சீழ் படிந்து நிற்பதையும் காணலாம். அதுவும் இவற்றின் திரளே.

இப்படை தேவையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளணுக்கள் குறைக்கப்பட்ட எலிகளின் கருவிழியில் சூடோமோனாஸைச் செலுத்திய ஆய்வுகளில், கிருமி தடையின்றிப் பெருகிற்று. உயிரைக் காப்பதில் வெள்ளணுக்களின் பங்கினை முதன்முதல் உணர்ந்தவர் ரஷ்ய அறிஞர் மெச்னிகோஃப். 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்தியபோது, நகரும் செல்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொள்வதை அவர் கண்டார். இக்கொள்கைக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் முள்ளைச் சூழும் செல்களைக் கண்டதும், கண் மருத்துவர் விளக்கொளியில் நம் கருவிழியில் காண்பதும் ஏறத்தாழ ஒரே காட்சிதான்.

காவலனின் ஆயுதம்

நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கிக் கொல்கின்றது. குளோரின் கலந்த வெளுப்பு நீருக்கு ஒப்பான வேதிப்பொருள்களை உண்டாக்கி அதனை எரிக்கின்றது. புரதங்களை அறுக்கும் நொதிகளைக் கொட்டுகின்றது. இறுதியில் தன் உட்கருவின் இழைகளையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்க வைக்கின்றது. இந்த வலை வீச்சு 2004-இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது.

இவ்வாயுதங்களுக்குக் கிருமி எது, கொலாஜன் எது என்று பிரித்தறியும் கண் இல்லை. தோலில் ஒரு கட்டி உண்டாகும்போதும் இதே அழிவு நடக்கின்றது. ஆனால் அங்கே சிறிது தசை கரைந்து தழும்பானால் நமக்குப் பெரிய நட்டமில்லை. முழங்காலில் உள்ள தழும்பைப் பற்றி யார் கவலைப்படுகின்றார்கள்? அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கருவிழியில், அதுவும் கண்மணிக்கு நேர் முன்னே, அதே அளவுத் தழும்பு ஒரு மனிதரின் பார்வையையே கொண்டுபோய்விடும். படை மிகுந்தால் கருவிழி முழுவதும் கரைந்து ஓட்டையாகவும் கூடும். சூடோமோனாஸ் தாக்கினால் ஓரிரு நாளிலேயே அந்நிலை நேர்வதுண்டு.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. நிமோகாக்கஸ், செல்களின் சுவரில் துளையிடும் நஞ்சினைச் சுரக்கின்றது. சூடோமோனாஸ், ஊசி போன்ற ஓர் அமைப்பினால் நம் செல்களுக்குள் நஞ்சினைச் செலுத்துகின்றது. கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைத் தானே உண்டாக்குவதோடு, நம் உடலில் உறங்கிக் கிடக்கும் அத்தகைய நொதிகளையும் எழுப்பிவிடுகின்றது. ஆகவே இருதரப்பு ஆயுதங்களும் ஒரே நிலத்தின் மீது விழுகின்றன.

இவ்விரண்டில் நம் தரப்பின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டிய ஆய்வொன்று கருதத்தக்கது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிண்டா ஹாஸ்லெட் என்னும் ஆய்வாளரும் குழுவினரும், இரு வேறு இனத்தைச் சேர்ந்த ஆய்வக எலிகளின் கருவிழியில் சூடோமோனாஸைச் செலுத்திப் பார்த்தனர். ஓர் இனத்து எலிகளின் கருவிழி ஓட்டையாயிற்று. மற்றோர் இனத்துக்கு அது ஆறிற்று. கிருமி ஒன்றே; வேறுபட்டது எலியின் எதிர்வினை. கருவிழியை இழந்த இனத்தில் வெள்ளணுக்கள் வந்தபின் அகலாமல் நீடித்து நின்றன. ஆறிய இனத்தில் அவை வேலை முடிந்ததும் குறைந்துவிட்டன. வருவது போன்றே உரிய காலத்தில் திரும்பிச் செல்வதும் நல்ல படைக்கு இலக்கணம் என்று இதிலிருந்து அறிகின்றோம்.

மருந்தினால் கிருமி மடிந்தாலும் இப்படை உடனே கலைவதில்லை என்பதே சிக்கல். இறந்த கிருமியின் சிதைந்த சுவர்த் துணுக்குகளும் அதே டோல் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. ஆதலால் கிருமி உயிரோடில்லாத கண்ணிலும் சில நாட்கள் அழிவு தொடரலாம். பின்னர்க் கருவிழியின் சொந்தச் செல்கள் பழுது பார்க்க முனைகின்றன. அவசர அவசரமாகப் புதிய கொலாஜனை நெய்கின்றன. பழைய ஒழுங்கு அதில் இல்லை. இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, ஒளி சிதறி, அந்த இடம் வெளுத்துத் தோன்றுகின்றது. இதுவே பூ.

மதுரையில் கண்டவை

எலிகளில் கண்டது மனிதர்க்கும் பொருந்துமா? இதற்கு விடை தேடுவது எளிதன்று. நோயுற்ற மனிதக் கருவிழித் திசு கிடைத்தால்தான் ஆராய முடியும். மேலைநாடுகளில் இந்நோய் அரிது. தமிழ்நாட்டிலோ அது மிகுதி. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, ஒரு இலட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கூறிற்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கண்ட அளவைப் போல் இது பத்து மடங்கு. உலகெங்கும் ஆண்டுதோறும் 15 முதல் 20 இலட்சம் பேர், கண் காயத்தாலும் கருவிழிப் புண்ணாலும் ஒரு கண்ணின் பார்வையை இழப்பதாக 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் மதிப்பிடப்பட்டது. இழப்பவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். ஒரு கண்ணே என்பதால் இவ்விழப்பு பெரிதாகப் பேசப்படுவதும் இல்லை.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்நோய்க்கான உலக ஆய்வு மையங்களுள் ஒன்றாக வளர்ந்ததற்கு இச்சூழலும் ஒரு காரணம். அதன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, நிமோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட மனிதக் கருவிழிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். புண்ணில் குவிந்திருந்த செல்களில் மிகப் பெரும்பாலானவை நியூட்ரோஃபில்கள். டோல் ஏற்பிகளும் இன்டர்லூக்கின்-1 போன்ற செய்திப் புரதங்களும் இருவகைப் புண்களிலும் உயர்ந்த அளவில் வெளிப்பட்டன. எலிகளில் கண்ட அதே நாடகம் மனிதக் கண்ணிலும் நடக்கின்றது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

படையை அடக்கினால் பார்வை தப்புமா?

நம் படைதான் அழிக்கின்றது என்றால், அதனை அடக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்குரிய மருந்தும் உள்ளது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து, செய்திப் புரதங்களைக் குறைத்து, வெள்ளணுக்களின் வருகையைத் தடுக்கும். ஆனால் காவலைத் தளர்த்தினால் கிருமி மீண்டும் தலையெடுக்காதா? இவ்விரு கருத்துகளுக்கிடையே கண் மருத்துவர்கள் பல்லாண்டுகள் பிளவுபட்டு நின்றனர்.

இதனைத் தீர்க்க 2006 முதல் 2010 வரை ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள புராக்டர் அறக்கட்டளையும் அரவிந்த் மருத்துவமனையும் இதில் முதன்மை வகித்தன. பாக்டீரியாக் கருவிழிப் புண் உடைய 500 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கு வந்த நம் தமிழ்நாட்டு மக்கள். அனைவருக்கும் முதல் 48 மணி நேரம் கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து மட்டுமே தரப்பட்டது. பின்னர் அதனோடு பாதிப்பேருக்கு ஸ்டீராய்டும், மறுபாதிக்கு மருந்தற்ற வெறும் நீர்ச் சொட்டும் சேர்த்துத் தரப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது.

2012-இல் வெளியான முடிவு, இருதரப்பாரும் எதிர்பாராதது. மூன்று மாத முடிவில், மொத்தத்தில் இரு பிரிவினரின் பார்வைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு அஞ்சியபடி பெருங்கேடும் நேரவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே விரல்களை மட்டும் எண்ணக்கூடிய அளவுக்கோ அதற்கும் கீழாகவோ பார்வை இழந்திருந்தவர்களுக்கு, ஸ்டீராய்டினால் பார்வை அட்டையில் ஏறத்தாழ ஒன்றரை வரிக்கு மேல் கூடுதல் நன்மை கிடைத்தது. கிருமிக்கொல்லி தொடங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டைச் சேர்த்தவர்கள், தாமதித்துச் சேர்த்தவர்களைவிட நல்ல பயன் பெற்றனர் என்பதும் பின்னர் தெரியவந்தது. அதே வேளை, நொகார்டியா என்னும் மண்வாழ் பாக்டீரியாவால் வந்த புண்களில் ஸ்டீராய்டு தழும்பைப் பெரிதாக்கிற்று.

எனவே 'ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா' என்னும் கேள்வியே முழுமையற்றது. எந்தக் கிருமி, எந்த அளவுப் புண், எந்த நாள் என்பனவற்றைச் சேர்த்தே விடை கூற இயலும். பூஞ்சையால் வந்த புண்ணில் இம்மருந்தை இடுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒப்பாகும். காவல் தளர்ந்ததும் பூஞ்சை கருவிழியை ஊடுருவி உள்ளே செல்லும். நம் நாட்டில் கருவிழிப் புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சையால் வருவது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பாக்டீரியாப் புண்ணையும் பூஞ்சைப் புண்ணையும் வெறுங்கண்ணால் உறுதியாகப் பிரித்தறிய மருத்துவராலும் இயலாது. புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையே பார்வைக்கும் பார்வையின்மைக்கும் இடையே நிற்கின்றது.

மருந்துக் கடையில் 'கண் சிவந்திருக்கிறது, ஏதாவது சொட்டு கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் மருந்துகளில் சில, ஸ்டீராய்டு கலந்தவை. போட்டவுடன் சிவப்பும் வலியும் குறையும். நோய் தணிந்தது என்று மகிழ்வோம். தணிந்தது நோயன்று, நம் படையின் ஆரவாரமே. உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பூ விழுந்த பிறகு

தழும்பு நிலைத்துவிட்டால் எஞ்சிய வழி, இறந்தவர் கண்ணிலிருந்து பெற்ற கருவிழியைப் பொருத்துவதாகும். 1905-இல் எட்வர்ட் சிர்ம் என்பவர், இன்று செக் குடியரசில் உள்ள ஓலமோட்ஸ் நகரில் இதனை முதன்முதல் வெற்றியுடன் செய்தார். சிறுநீரகம் போன்ற உறுப்புகளை மாற்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே இது கைகூடியதற்குக் காரணம், கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாமையே. காவலர் நடமாட்டம் குறைந்த இடத்தில் அயலார் திசுவும் அமைதியாகக் குடியேற முடிகின்றது.

கடுமையான புண்ணுக்கு உள்ளான கருவிழியிலோ நிலைமை வேறு. போரின்போது ஓரத்திலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்துவிடுகின்றன. அப்பாதைகள் வழியே வரும் வெள்ளணுக்கள், பொருத்தப்பட்ட கருவிழியை அயலானாகக் கண்டு தாக்குகின்றன. ஆகவே மாற்றுக் கருவிழி மிகவும் தேவைப்படும் இக்கண்களில்தான் அது நிலைப்பதும் அரிதாகின்றது. கொடையாகக் கிடைக்கும் கண்களும் தேவையைவிடக் குறைவு. உறுப்புக் கொடை குறித்து 1988-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது. நம் நாட்டு ஆலிம்களிடையே மாற்றுக் கருத்துகளும் உண்டு. அவ்விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. மாற்று அறுவையை நம்பி முதல் நாட்களைத் தவறவிடலாகாது என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

முதல் நாளின் மதிப்பு

படை திரண்ட பிறகு அதனை அளவோடு அடக்குவது வல்லுநர்க்கே கடினம் என்று கண்டோம். படை திரளவே தேவையில்லாமற் செய்வது எளிது. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கருவிழிக் கீறலுற்ற 442 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் குளோரம்ஃபெனிகால் களிம்பை மூன்று நாட்கள் இட்டனர். 96 விழுக்காட்டினர்க்குத் தொற்று இன்றி ஆறியது. காயம் பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடப்பட்டவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் வெளியான அறிக்கை கூறிற்று. மதுரை மாவட்டக் கிராமங்களில் 374 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் ஏறத்தாழ அனைவருக்கும் கீறல் சிக்கலின்றி ஆறியது. பின்னர் நேபாளத்தில் கிராமங்களையே குழுக்களாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வில், தொண்டர் இருந்த கிராமங்களுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. களிம்பு ஊரில் இருந்தால் மட்டும் போதாது. கீறல் பட்டவர் அன்றைக்கே வந்தாக வேண்டும்.

வருவதைத் தாமதப்படுத்துபவை எவை என்று நம் வீடுகளையே பார்த்து அறியலாம். கண்ணில் விழுந்த துரும்பை முந்தானை நுனியாலோ நாக்காலோ எடுக்கின்றோம். தாய்ப்பாலையும் இலைச் சாற்றையும் பிழிகின்றோம். குளிர்ச்சி தரும் என்று சுர்மா இடுகின்றோம். நலமுள்ள கண்ணுக்கு இடும் சுர்மாவின் சிறப்பைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதிலும் கடைச் சரக்கில் ஈயம் கலந்திருப்பது உண்டு. காயம் பட்ட கண்ணில் எந்தப் பொடியும் சாறும் புகலாகாது. தூய நீரால் கண்ணைக் கழுவி, கசக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்வதே முறை. காண்டாக்ட் லென்ஸ் அணியும் நம் இளைஞர்கள், அதனை அணிந்தபடி உறங்குவதையும், குழாய் நீரில் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். லென்ஸ் அணிவதற்கு முன்பே ஒளூவை முடித்து, கையையும் முகத்தையும் துடைத்துக்கொள்வது நன்று.

பழைய அரபு மருத்துவர்கள் உடல்நலத்தை 'இஃதிதால்' என்றனர். மிகையும் குறையும் இன்றி நடுநிலையில் நிற்பது என்பது பொருள். அவர்கள் அதனைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்னும் குணங்களைக் கொண்டு விளக்கினர். இன்றைய அறிவியல் அவ்விளக்கத்தை ஏற்பதில்லை. எனினும் கருவிழியில் வந்து குவியும் வெள்ளணுக்களைப் பற்றி அது கூறுவதற்கு வேறு சொல் தேடினால், இதைவிடப் பொருத்தமானது கிடைப்பதரிது. அவை வராவிட்டால் கண் போய்விடும். வந்து போகாவிட்டாலும் கண் போய்விடும். அந்த அளவைக் காக்கும் பொறுப்பை மருத்துவரிடம் முதல் நாளே ஒப்படைப்பது, காயம் பட்டவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் உரிய கடமையாகும்.